திருகோணமலைக் கடலோரத்தில் எட்டு நாள்: கை சோர்ந்துபோன ஓவியருக்கு முழுமையான வழிகாட்டி

படம் கீறுபவர்கள் ஓய்வுக்கென்று கடற்கரைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். வந்த அன்றே தூரிகையை எடுத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளில் கையில் பத்துப் படம் இருக்கும். பத்தும் வீட்டில் கீறியவை போலவே இருக்கும். ஐந்தாம் நாளில் மனம் சலித்து, ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். களைத்த கை தனக்குப் பழக்கமானதையே திரும்பத் திரும்பச் செய்யும். அது ஆறிய பிறகுதான் கண் புதிதாக எதையாவது பிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் ஒழுங்குதான் முக்கியம்: முதலில் ஓய்வு, பிறகு பார்வை, பிறகு சிறிய படம், கடைசியில் பெரிய படம். நாட்களைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள்.

இங்கே சொல்லப்படுவது நீர்வர்ணத்துக்கு. எண்ணெய் வர்ணத்தில் கடற்கரை மணல் ஒட்டிக்கொள்ளும், ஈரக் கன்வஸை பஸ்ஸில் கொண்டுபோவதும் பாடு. அக்ரிலிக் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் மழை பெய்யும் அந்த மாதங்களில்தான் கிழக்குக் கரை காய்ந்து, கடல் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை தொடங்கும். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றோடு மழை கொட்டும், கடலும் கொந்தளிக்கும். மழைக்கடலைக் கீறுவதற்கென்றே வருபவருக்கு அது நல்ல காலம். ஓய்வுக்கு வருபவருக்கு அது அறைக்குள் அடைபட்டிருக்கும் காலம்.

யூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும். தரைப்பக்கமிருந்து வருகிற சூடான, வறண்ட காற்று அது. கடலைத் தட்டையாக வைத்திருக்கும். ஆனால் பிற்பகலில் மணலையும் கடதாசியையும் கிளப்பிவிடும். காற்றோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் மே மாதத்தையோ செப்டெம்பரையோ எடுக்கலாம்.

நாட்காட்டியில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) வார இறுதியோடு ஒட்டி வந்தால் கடற்கரை நிரம்பிவிடும், அறை வாடகையும் ஏறும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையும் அப்படித்தான். ஞாயிறு மாலை வந்து, அடுத்த திங்கள் காலை திரும்புவது நல்ல கணக்கு. வார இறுதிக் கூட்டம் வரும்போது நீங்கள் ஊருக்குப் பழகியிருப்பீர்கள்.

2. தங்குமிடம் ஒன்றே ஒன்று

எட்டு இரவும் ஒரே அறையில் தங்குங்கள். இரண்டு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று மாறினால், ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி, வழி பழகி, சாப்பாட்டுக் கடை தேடியே அரை நாள் போய்விடும். அந்த அரை நாளோடு மனதின் அமைதியும் போகும்.

தெரிவு பெரும்பாலும் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில்தான். உப்புவெளி நகரத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர். கடை, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் கிட்ட. ஆனால் இரவில் சத்தம் இருக்கும். நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். கடற்கரை நீளம், ஆள் குறைவு, முன்னால் புறாத்தீவு தெரியும். தனியாக வருகிற, கொஞ்சம் பயந்த சுபாவமுள்ளவருக்கு உப்புவெளி. கூட்டம் பிடிக்காதவருக்கு நிலாவெளி.

அறையைப் பதியும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நேர் வெயில் விழாத யன்னலோ நிழலான விறாந்தையோ உண்டா? சுவர் ஓரமாக ஒரு மேசை உண்டா? மின்விசிறி உண்டா? ஏசியை விட விசிறி முக்கியம். குளிரூட்டிய அறையிலிருந்து கடதாசியை வெளியே எடுத்தவுடன் வெளி ஈரம் அதில் படியும். கடல் தெரிகிற அறைக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கடல் ஐந்து நிமிட நடையில் இருந்தால் போதும், அந்த நடையே நல்லது.

3. பையில் என்ன, எவ்வளவு

கூடுதலாகக் கொண்டுவருவதுதான் இங்கே பிழை. பன்னிரண்டு நீலம் இருந்தால் எந்த நீலத்தை எடுப்பது என்பதிலேயே கண் களைக்கும்.

கடதாசி சதுர மீற்றருக்கு 300 கிராம் பருமனில், பருத்தியில் செய்தது. 15×20 சென்ரிமீற்றர் அளவில் வெட்டிய 20 துண்டு, 28×38 அளவில் 3 துண்டு. ஐந்து ஐந்தாக சிப் பூட்டுள்ள பொலித்தீன் பையில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். கடற்கரை ஈரத்தில் திறந்து கிடக்கும் கடதாசியின் மேற்பூச்சு கெட்டுப்போகும். பிறகு வர்ணம் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கும், அதைத் திருத்த வழியில்லை.

வர்ணம் ஆறு போதும்: அல்ட்ராமரைன் நீலம், செருலியன் நீலம், தாலோ பச்சை, மஞ்சள் காவி, பேர்ன்ற் சியன்னா, அலிசரின் சிவப்பு. குழாய் வர்ணமாகக் கொண்டுவந்து, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தட்டில் பிதுக்குங்கள். கட்டி வர்ணம் இந்த ஈரத்தில் பிசுபிசுத்து, மூடிய பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பேர்ன்ற் சியன்னாவும் சேர்ந்தால் இங்கத்தைய நிழலுக்குப் பொருத்தமான கருஞ்சாம்பல் வரும்.

உருண்டைத் தூரிகை 6ஆம் இலக்கமும் 10ஆம் இலக்கமும், ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று. மெல்லிய பிளைவூட் பலகை ஒன்று, பெரிய கிளிப் நான்கு. இரண்டு கிளிப் போதுமென்று வருபவர்கள் முதல் நாளே கடதாசிக்குப் பின்னால் ஓடுவார்கள். மடிக்கும் சிறு கதிரை, நீர்ப்பேணி இரண்டு, பழைய பருத்தித் துணி, 2பி பென்சில், கோடு போடாத சிறு கொப்பி. நிறமில்லாத அல்லது வெள்ளைக் குடை. சிவப்புக் குடையின் கீழ் கீறினால் கடதாசி முழுவதும் அந்தச் சிவப்பு விழும், வீட்டில் போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும். கறுப்புக் கண்ணாடியும் அப்படியே. நடக்கும்போது போடுங்கள், கீறும்போது கழற்றுங்கள்.

4. வந்து சேர்தல்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவுப் புகையிரதம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகவும், மட்டக்களப்பிலிருந்து வாகரை, மூதூர், கிண்ணியா வழியாகவும் பஸ் வரும். கடதாசிப் பலகையை பஸ்ஸின் மேல்தட்டில் வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். வந்து சேரும் நாளை எட்டு நாட்களில் ஒன்றாக எண்ணவேண்டாம்.

5. முதல் நாளும் இரண்டாம் நாளும்: தூரிகை பையிலேயே இருக்கட்டும்

பலருக்கும் கடினமான படி இதுதான். பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போவதும் இங்கேதான். இரண்டு நாள் எதுவும் கீறாதீர்கள். கொப்பியில் சிறு கோடு கூட வேண்டாம்.

ஆறு மணிக்குச் சற்று முன் சூரியன் கடலுக்கு மேல் வரும். அதற்கு முன்பே எழுந்து வெறுங்காலோடு நடவுங்கள். ஒரு மணி நேரம், ஒரே திசையில் போய் அதே வழியில் திரும்பி. ஈர மணலின் ஓரமாக நடந்தால் கால் புதையாது. உலர்ந்த மணலில் அரை மணி நேரத்திலேயே கெண்டைக்கால் பிடிக்கும். கரையோரத்தில் அடம்பன் கொடி படர்ந்திருக்கும், இராவணன் மீசைப் புல் நிற்கும். மிதிக்காமல் கடந்து போங்கள். அவைதான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மீசைப் புல்லின் நுனி காலில் நன்றாகவே குத்தும்.

கடலில் இறங்குவதற்கு முன் அங்கே வலை தைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எந்த எச்சரிக்கைப் பலகையையும் விடப் பயனுள்ளது. நீரோட்டம் எங்கே இழுக்கும், கல் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். இடுப்பளவு ஆழத்துக்கு மேல் தனியாகப் போகாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு முன் குளித்து முடியுங்கள்.

பிறகு சாப்பாடு, தூக்கம். பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெயிலில் நிற்க வேண்டிய எந்த வேலையும் இங்கே இல்லை. மதியம் வயிறு நிறையச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டால் மாலை வெளிச்சம் போகும்வரை எழும்ப மாட்டீர்கள். முதல் இரண்டு நாளுக்கு அது பரவாயில்லை, மூன்றாம் நாளிலிருந்து பாதியாகக் குறையுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடியுங்கள். வெப்பத்தில் நீர் குறைந்து வரும் தலையிடியை, மனச்சோர்வு என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர்.

இரண்டாம் நாள் காலை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகலாம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும். வாளியால் அள்ளித் தோளிலும் மணிக்கட்டிலும் ஊற்றுங்கள். மாதக்கணக்காக மேசையில் குனிந்திருந்த தோளுக்கு அது இதமாக இருக்கும். கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடுங்கள். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்ய வருபவர்களின் நாள் அது, அன்று விலகியிருங்கள்.

கைத்தொலைபேசியை அறையில் விட்டுவிட்டுப் போவது நல்லது. முடியாவிட்டால் படம் மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தவுடன் "பார்த்தாயிற்று" என்று மனம் அடுத்ததற்குத் தாவும்.

இரண்டாம் நாள் மாலைக்குள் கை துறுதுறுக்கத் தொடங்கும். அது தொடங்கிய பிறகும் ஓர் இரவு காத்திருங்கள். துறுதுறுப்பே வராவிட்டால் மூன்றாம் நாளையும் ஓய்வாகவே விடுங்கள். குறைக்க வேண்டியது பெரிய படத்தை, ஓய்வை அல்ல.

6. மூன்றாம் நாள்: சொல்லால் பார்த்தல்

கொப்பியும் பென்சிலும் மட்டும். படம் இல்லை, எழுத்து. ஒரே இடத்தில் கதிரையைப் போட்டு, காலை ஆறேகாலுக்கும் எட்டரைக்கும், மாலை நான்கரைக்கும் ஆறேகாலுக்கும் என நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம் இருங்கள். "கடல் நீலம்" என்று எழுதினால் அடித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். அடிவானத்துக் கீழே எது, நடுவில் எது, அலை உடையும் இடத்தில் எது, ஈர மணலில் எது என்று பிரித்து எழுதுங்கள். வானத்தின் நிறம் ஈர மணலில் விழுந்திருப்பதை அநேகர் அன்றுதான் முதன்முறையாகக் கவனிப்பார்கள்.

இந்தக் குறிப்பிலிருந்து கிழக்குக் கரையின் முக்கியமான ஒரு விஷயம் தானாகவே தெரியவரும். காலையில் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே, கடலுக்கு மேல். அப்போது கடலில் நிறம் மிகக் குறைவு, வெள்ளி மினுக்கமும் படகுகளின் கருமையும்தான். மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால், பனை தென்னைப் பக்கம். அப்போதுதான் பச்சையும் நீலமும் முழுதாகத் தெரியும். மரங்களின் நிழலும் கடலை நோக்கி நீளும், அதற்குள் கதிரையைப் போடலாம். எனவே காலை, இருள் ஒளியைப் படிக்க. மாலை, நிறத்தைப் படிக்க. காலை வெளிச்சத்தில் பச்சைக் கடலைத் தேடுபவர்கள் கடைசியில் மனதிலிருந்த கடலைத்தான் கீறுகிறார்கள்.

7. நான்காம், ஐந்தாம் நாள்: சிறிய படம், ஒரே இடம்

மூன்றாம் நாள் இருந்த அதே இடத்துக்குப் போங்கள். இடம் மாறினால் ஒவ்வொரு முறையும் எதைக் கீறுவது என்ற கேள்வி முதலிலிருந்து தொடங்கும். இடம் மாறாவிட்டால் வெளிச்சம் மட்டும் மாறும். கற்றுக்கொள்வது அதிலிருந்துதான்.

காலையில் 15×20 துண்டில் மூன்று படம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், ஒரே சாம்பல் நிறத்தில். வெறும் கடதாசி, நடுச் சாம்பல், இருள். மூன்று அடர்த்திதான். நான்காவது வந்தால் அழகுபடுத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மாலையில் நிறத்தோடு இரண்டு படம், ஒவ்வொன்றும் முப்பது நிமிடம். ஒழுங்கு இது. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சன்கிரீமும் வியர்வையும் பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாது, வெள்ளைத் திட்டாக நிற்கும். உள்ளங்கைக்குக் கீழே துணியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அடிவானம். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், இன்னொரு கடதாசியின் ஓரத்தை வைத்து மெல்லிய கோடு. அது இம்மியும் சரியக்கூடாது. சரிந்தால் கடல் வழிந்து ஓடும். கதிரையில் இருந்து தொடங்கினால் இருந்தே முடியுங்கள். எழும்பிப் பார்த்தால் கடற்பட்டை அகலமாகும், இருந்தால் ஒடுங்கும்.

கீறத் தொடங்குமுன் வர்ணத்தைக் கரைத்து வையுங்கள், தேவை என்று நினைப்பதைப் போல இரண்டு மடங்கு. கச்சானில் ஒரு பூச்சு பாதியில் இருக்கும்போதே காய்ந்துவிடும். நீங்கள் மீண்டும் கரைத்து வருவதற்குள் நடுவில் கடினமான விளிம்பு விழும். காற்று கடுமையாக இருந்தால் கடதாசியின் இரு பக்கத்தையும் நனைத்துப் பலகையில் படியவிடுங்கள். பலகையின் மேல் விளிம்பை இரண்டு விரல் உயர்த்தினால் பூச்சு தானாகக் கீழிறங்கும்.

வானம் முதலில். செருலியன் மேலே, அடிவானத்தை நெருங்க வெறும் தண்ணீர். காய்ந்த பிறகு கடல். அடிவானத்துக் கீழே அல்ட்ராமரைனும் செருலியனும் அடர்த்தியாக. பாதியில் செருலியனோடு தாலோ பச்சை ஊசிமுனையளவு. தாலோவுக்கு வேகம் அதிகம், கொஞ்சம் கூடினாலும் கடல் பிளாஸ்ரிக் வாளியின் நிறமாகிவிடும். கரையோரத்தில் மஞ்சள் காவியை மெல்லச் சேருங்கள். ஆழம் குறைந்து மணல் தெரிகிற இடம் அது. நுரைக்குக் கடதாசியை வெறுமையாக விடுங்கள். நுரையின் நிழல்பக்கம் வெள்ளையில்லை, மெல்லிய நீலச் சாம்பல். மணலில்தான் புதியவர்கள் அதிகம் பிழைவிடுவார்கள், மஞ்சளைத் தடிப்பாகப் பூசிவிடுவார்கள். உலர்ந்த மணல் இந்த வெயிலில் கிட்டத்தட்டக் கடதாசியின் வெள்ளை. ஈர மணல்தான் இருண்டது. படகும் மனிதரும் கடைசியில்.

கடல்நீரைத் தொட்டு வர்ணம் கரைப்பது ஆசையைத் தூண்டும். செய்யாதீர்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், படம் முழுதாகக் காயாது. தூரிகையின் உலோகக் கழுத்தும் அரித்துப்போகும்.

இன்னுமொன்று: வெயில் நேரே விழும் கடதாசியில் வர்ணம் வெளிறித் தெரியும். அதனால் கை தன்னையறியாமல் இருட்டாகப் பூசும், அறைக்குள் கொண்டுபோனால் படம் கரிபிடித்ததுபோல் இருக்கும். கடதாசி எப்போதும் நிழலில் இருக்கட்டும், நீங்கள் வெயிலில் இருந்தாலும்.

கரைவலை இழுப்பது கண்ணில் பட்டால் அதையே அன்றைய படமாக்குங்கள். இழுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். இரு கயிறும் மெல்ல நெருங்கிவரும், மீன் சேரும் பையான மடி கரையேறும் முன் ஆட்கள் கூடுவார்கள். ஓடி ஓடி எல்லோரையும் கீற முயலவேண்டாம். ஒரே ஒரு நிலையைத் தெரிவு செய்யுங்கள், பின்னுக்குச் சாய்ந்து இழுக்கும் முதுகு போதும். அந்த முதுகு ஓரிரு நிமிடத்துக்குள் மீண்டும் அதே நிலைக்கு வரும். காத்திருந்து கோட்டைச் சேருங்கள். முன்னதாகச் சம்மாட்டியிடமோ (வலைக்குச் சொந்தக்காரர்) அங்கே நிற்கும் மூத்தவரிடமோ "ஐயா, இதில இருந்து கீறலாமோ?" என்று கேளுங்கள். நிலாவெளிப் பக்கம் முஸ்லிம் மீனவர்கள் என்றால் "நானா" என்று கூப்பிடுவதே வழக்கம். கயிறுகளுக்கு இடையில் நிற்காதீர்கள், கதிரையையும் போடாதீர்கள்.

8. ஆறாம் நாள்: நகரம்

ஐந்து நாள் ஒரே அடிவானத்தைப் பார்த்த கண்ணுக்கு இப்போது குத்துக்கோடு தேவைப்படும். பிரெட்றிக் கோட்டை வாசலால் போய் கோணேசர் கோயில் வரை நடவுங்கள். செங்குத்துப் பாறையும் கீழே கடலும் அதற்குப் போதும். வழியில் புள்ளிமான்கள் நிற்கும். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள், கடதாசியையும்.

கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. காவல் அரண், வாசல், கப்பல் தளம் எதையும் கீறவோ படமெடுக்கவோ வேண்டாம். கொப்பியோடு நீண்ட நேரம் ஓரிடத்தில் இருக்க வேண்டுமென்றால் காவலில் நிற்பவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். கோயிலுக்குள் கொப்பியை மூடிவையுங்கள்.

கடலில் சூரியன் மறைவதை உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தேடிக் காத்திருப்பவர்கள் உண்டு. அங்கே அது நடக்காது. மாலை ஐந்தரைக்கு உள்துறைமுக வீதிக்கு வாருங்கள், நீர்ப்பரப்புக்கு அப்பால் மலைகளின் பக்கம் இறங்கும். அன்று நிறம் வேண்டாம், பென்சில் போதும்.

புறாத்தீவைப் பலர் முதல் நாளிலேயே போய்ப் பார்த்துவிடுவார்கள். படகு, சீட்டு, கூட்டம், வெயில் எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளைத் தின்னும். போவதானால் இந்த ஆறாம் நாளில் நகரத்துக்குப் பதிலாகப் போங்கள். முருகைக் கல்லில் காலை ஊன்றாதீர்கள்.

9. ஏழாம் நாள்: பெரிய படம் ஒன்று

ஆறாம் நாள் இரவே சிறிய படங்களைத் தரையில் பரப்பி, திரும்பத் திரும்பக் கண் போகும் ஒன்றை எடுங்கள். நன்றாக வந்த படமாக அது இருக்க வேண்டுமென்றில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு மூலையில் பிழைத்த படம்தான் கண்ணை இழுக்கும். அதை 28×38 துண்டில், அறை விறாந்தையில் இருந்து கீறுங்கள், கடற்கரையில் அல்ல. சிறிய படத்தையும் மூன்றாம் நாள் எழுத்துக் குறிப்பையும் மட்டும் முன்னால் வையுங்கள். கடல் எதிரே இருந்தால் அதையே மீண்டும் பிரதி எடுப்பீர்கள். இல்லாதபோதுதான் எதை விடுவது, எதை வைப்பது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டிவரும்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். பிழைத்தால் இரண்டாவது துண்டு இருக்கிறது. மூன்றாவதைத் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

10. எட்டாம் நாள்: கட்டுதல்

காலை நடை வழமைபோல. பிறகு தூரிகைகளை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். தட்டிலும் கிளிப்பிலும் உப்பு படிந்திருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். விட்டால் ஒரு மாதத்தில் கிளிப்பின் துரு கடதாசியில் இறங்கும்.

படங்களை மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் வைத்த பிறகே பையில் போடுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு. இரண்டு படத்துக்கு இடையில் ஒரு வெள்ளைக் கடதாசி, இரு பக்கமும் மட்டை, புதிய சிலிக்கா ஜெல்.

வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே விரித்து யாருக்கும் காட்டவேண்டாம். பையைத் திறந்து, படங்களைக் காற்றுப்படும் அலுமாரியில் தட்டையாக வைத்து, ஒரு கிழமை கழித்து எடுங்கள். மீதமிருக்கும் மூன்றாவது பெரிய துண்டை அன்று மேசையில் பொருத்துங்கள்.